சேலையூரிலிருந்து ஒரு சுறாத் தூண்டில்

தாம்பரத்தில் பிறந்து, தாம்பரத்திலேயே படித்து, நீச்சல்கூடக் கற்றுக்கொள்ளாமல் வளர்ந்த ஒரு மனிதருக்குச் சுறா பிடிக்கும் ஆசை எங்கிருந்து வரும்? கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. என் கணவர் சாமிடம் கேட்டால் சிரிப்பதோடு சரி.

நாங்கள் இருப்பது மஸ்கட்டில். சாம் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடம் போடுகிறார். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலையில் அவரும் அலுவலக நண்பர்கள் மூன்று பேரும் மேலாளரின் உறவினர் ஒருவருடைய சின்னப் படகில் கடலுக்குப் போவார்கள். ஆரம்பத்தில் குழம்புக்கு ஆகும் மீன்கள்தான் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் முழங்கை நீளத்தில் ஒரு சுறா மாட்டியது. அதன்பிறகு நான்கு பேருக்கும் வேறு மீன் கண்ணில் படவில்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நண்பர்களில் ஒருவர் கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். நூலை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறார். மீன் அதைவிட வேகமாக இழுத்திருக்கிறது. ஏழு தையல். இனிமேல் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே அவருக்கு டீ கொடுத்தேன். தூண்டில் சரியில்லாததுதான் காரணம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. சேலையூரில் தனியாக இருக்கிறார். சாமுக்கு விடுப்பு இல்லை. எட்டு மாதப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு நாளுக்குக் கிளம்பினேன்.

முதல் நாள் காலை, வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. தலைக்கு மேல் பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. விமானப்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பகுதிக்கு அது அன்றாடச் சத்தம். பள்ளியில் அந்தச் சத்தம் வந்தால் டீச்சர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, விமானம் போனபிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். பேசிக்கொண்டிருந்த நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். ஒரே நேரத்தில் தொடர்ந்தோம். பாப்பா மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊர்ப் பக்கம் வராத இந்த இரண்டு வருடமாக நான் எதற்காக ஏங்கினேன் என்று யாராவது கேட்டால், இந்த அரை நிமிட மௌனத்தைத்தான் சொல்வேன். கேட்டவர்களுக்குப் புரியாது.

பகலில் சாமிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஊரில் இருக்கும்போதே சுறாத் தூண்டில் ஒன்று வாங்கி வரவேண்டும். முள் பெரிதாக, கம்பி வைத்து, நல்ல தடித்த நூலில். மஸ்கட் கடைகளில் கம்பும் சக்கரமும் வைத்த விலையுயர்ந்த சாமான்தான் கிடைக்கிறது. தனக்கு வேண்டியது கையால் இழுப்பது, கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் கையால் கட்டியது. கூடவே எந்த இரைக்குச் சுறா வரும் என்றும் விசாரித்து வரவேண்டும். கடைசியில், "பாப்பா சாப்பிட்டாளா?"

அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டாம். "வேண்டாம்னு சொல்லேன்மா," என்றார். நான் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிப்பது என் பழக்கம்.

இரண்டாம் நாள் மருத்துவமனையில் கழிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு அம்மா வெளியே வந்து, முதலில் பாப்பாவின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "இது நிஜமாவே உன் மாமியார் மூக்குதான்," என்றார். மறு கண்ணுக்கு இந்த அறுவை சிகிச்சையே தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோவில் பாப்பாவை மடியில் வைத்தபோது, எதிரில் இருந்த பெண் கேட்காமலேயே என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மஸ்கட்டில் டாக்சி உண்டு, குளிர்சாதனம் உண்டு. என் பையை வாங்கி வைத்துக்கொள்ள யாரும் இல்லை.

கயிறும் வலையும் விற்கும் கடையில் தூண்டில் முள் கேட்டேன். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்தார். எல்லாம் என் சுண்டுவிரல் நகமளவு. இன்னும் பெரிதாக வேண்டும் என்றேன். ஏரிக்கா என்று கேட்டார். சுறாவுக்கு என்றேன். அவர் என்னையும் பாப்பாவையும் பார்த்தார்.

"செம்பாக்கம் ஏரில சுறா வந்திருச்சா மேடம்? யாரும் சொல்லவேயில்லையே."

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நல்ல மனிதர். தன்னிடம் இருப்பது ஜிலேபிக் கெண்டைக்கு ஆகும், சுறா இழுத்தால் முள் நிமிர்ந்து கம்பியாகிவிடும், கோவளம் பக்கம் போய்க் கேளுங்கள் என்றார். திரும்பும் வழியில் பழைய பேக்கரியில் வெஜிடபிள் பஃப் வாங்கினேன். கல்லூரி நாட்களில் அதைக் கடித்தால் பொடி முழுக்க துப்பட்டாவில் விழும். இப்போது பாப்பாவின் தலையில் விழுந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் கேம்ப் ரோட்டில் செல்வியைப் பார்த்தேன். செல்வி என் வயதுதான். கோவளத்துக் குப்பத்திலிருந்து அவளுடைய அம்மா எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவருவார். லீவு நாட்களில் செல்வியும் கூட வருவாள். இப்போது அவளே அலுமினியத் தட்டுகளைப் பரப்பி வியாபாரம் செய்கிறாள். கணவர் முருகன் கடலுக்குப் போகிறவர். ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

"இன்னாக்கா, எப்ப வந்த? பாப்பா உன்ன மாரியே கீது. பால் பத்துதா?"

பத்தவில்லை என்று நான் சொல்வதற்குள் பால்சுறா நான்கை எடுத்துத் தராசில் வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து. பாப்பா பிறந்தது மஸ்கட்டில் என்பதால் எனக்கு அது கிடைக்கவில்லை. அது கிடைத்திருந்தால் இரண்டாம் மாதமே பால் பவுடர் வாங்கியிருக்க மாட்டேனோ என்று எட்டு மாதம் கழித்துத் தெருவில் நின்று யோசித்தேன்.

பிறகு சாமின் ஆசையைச் சொன்னேன். செல்வி மீனைச் சுத்தம் செய்வதை நிறுத்தினாள்.

"உன் வூட்டுக்காரு இன்னா வேல பண்றாரு?"

கட்டடங்களுக்குப் படம் போடுகிறார் என்றேன்.

"அப்பறம் அவுருக்கு எதுக்குக்கா சுறா? அந்த ஊர்ல கடைல விக்கல?"

பக்கத்துத் தட்டுக்காரப் பெண் சிரித்தாள். இரைக்கு எந்த மீன் நல்லது என்று கேட்டேன். நான் அதுவரை மீன் வாங்கக் கற்றிருந்த பாடம் முழுவதும் அங்கே தலைகீழானது. அம்மா கறுத்த சதையும் ரத்தமும் உள்ள மீனைத் தொட மாட்டார். வெள்ளைச் சதை, வாடையில்லாதது, அதுதான் எங்கள் வீட்டு மீன். சுறாவுக்கு அது ஆகாதாம்.

"ரத்தம் கீற மீனா போடணும்க்கா. சூரை போடு, காணாங்கத்த போடு. அன்னிக்கு புட்ச்சதா இருக்கணும். நாலு நாள் ஐஸ்ல கெடந்தத போட்டா, சுறா மோந்து பார்த்துட்டு போய்க்கினே இருக்கும்."

சூரையை முழுதாகக் கோர்க்கக் கூடாது, தலையை எடுத்துவிட்டுப் பாதியாக வெட்டி, முள்ளின் வளைவு சதைக்குள் மறையக் கோர்க்க வேண்டும், கூர் மட்டும் வெளியே தெரியலாம் என்றாள். கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். தூண்டிலுக்கு வீட்டுக்கு வா, அவர் கட்டிக்கொடுப்பார் என்றாள்.

அன்று ஒற்றைக் கண்ணோடு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அந்தப் பால்சுறாவில் புட்டு செய்தேன். மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் போல் இருக்கும் தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிக் கிளறுவது. உதிர்த்ததைக் கையில் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் பிழி," என்றார் அம்மா. சனிக்கிழமை மதியங்களில் பாட்டு வகுப்பு முடிந்து தேவாலயத்திலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அந்த வாசனை வரும். மஸ்கட்டில் மூன்று முறை செய்திருக்கிறேன். மூன்று முறையும் ஈரமாகத்தான் வந்தது. பிழிந்தது போதவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

ஆறாம் நாள் கோவளத்துக்குக் கிளம்பினேன். பாப்பாவை விட்டுப் போக ஆள் இல்லை. வெயிலில் தூக்கிப் போவது சரியா என்று வாசலில் இரண்டு முறை செருப்பைக் கழற்றி மாட்டினேன். மேடவாக்கத்தில் டாக்சியின் ஏசி நின்றுவிட்டது. கண்ணாடியை இறக்கினோம். முன்னால் போன தண்ணீர் லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியதும், மேலே ததும்பிய தண்ணீர் அப்படியே ஜன்னல் வழியாக எங்கள் மேல் கொட்டியது. எனக்கு உயிர் போனது. பாப்பா ஒரு நொடி மூச்சுப் பிடித்துவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஓசிலயே குளிச்சிட்டா," என்றார். சோழிங்கநல்லூர் வரை அவள் அடுத்த லாரிக்காகக் காத்திருந்தாள்.

கோவளம் கடற்கரைக்கு நான் கடைசியாக வந்தது நிச்சயதார்த்தம் முடிந்த வாரம். சாமின் வண்டியில் வந்தோம். மணலில் ஒரு சுறாவை இழுத்துப் போட்டிருந்தார்கள். சாம் என்னை மறந்து அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள் என்று சொல்லி, என் கையைப் பிடித்துத் தடவ வைத்தார். அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை. கல்யாணத்துக்குப் பிறகு தோழிகளிடம் அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை.

செல்வியின் வீட்டு நிழலில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். பாப்பா செல்வியின் மகளிடம் போய்விட்டாள். முருகன் அதிகம் பேசாதவர். எங்கள் கதையைக் கேட்டு அவர் முதலில் கேட்டது, நூலைக் கையில் சுற்றிக்கொள்கிறார்களா என்பதுதான். ஏழு தையலைச் சொன்னேன்.

பல அளவு முட்களைச் சாக்கில் கொட்டினார். நான் மிகப் பெரியதை எடுத்தேன். அவர் அதை வாங்கி வைத்துவிட்டு நடுத்தரமானதைக் கொடுத்தார். இரைக்குள் மறையாத முள்ளைச் சுறா தொடாது என்றார். ஒவ்வொரு முள்ளின் கூரையும் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்தார். வழுக்கினால் ஒதுக்கினார், நகத்தில் கீறினால் எடுத்துக்கொண்டார். பத்தில் நான்குதான் தேறியது. முள்ளிலிருந்து மூன்று முழத்துக்கு இரும்புக் கம்பி. சுறாவின் பல் நைலானை அறுத்துவிடும், பல்லுக்குத் தப்பினாலும் தோல் உரசி அறுக்கும், அதனால் கம்பி குட்டையாக இருக்கக் கூடாது. கம்பிக்கு மேலே சுழலும் பித்தளைத் துண்டு. மாட்டிய சுறா உருண்டுகொண்டே இருக்கும், அது இல்லாவிட்டால் நூல் முறுக்கிக்கொள்ளும். நகைக் கடையில்கூட நான் இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை. சில வகைச் சுறாக்களைப் பிடிக்கவே கூடாது, அந்த ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

பெரிய மீனாக மாட்டினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"கைல சுத்தக் கூடாது. கத்தி ஒண்ணு பக்கத்துலயே இருக்கணும். அவ்ளோதாம்மா. நூலு கெட்டியா போட்டுத் தரேன். வெளிநாட்ல போயி அறுந்துச்சுன்னா என் பேரு இன்னாவறது?"

செல்வி பக்கத்தில் உட்கார்ந்து முட்களைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் நூல் அளந்து தருவது அவர். முள் கட்டுவதும், கடலுக்குப் போய் வந்த தூண்டிலைப் பிரித்துச் சரிசெய்து சுருட்டி வைப்பதும் அவள். கட்டி முடித்ததும் மார்க்கெட்டுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொன்னாள். சாப்பிடாமல் விடவில்லை. சுடுசோறும் காணாங்கத்தைக் குழம்பும். அம்மா ஒதுக்கும் அந்தக் கறுத்த மீன்தான். இரண்டு முறை சோறு வாங்கினேன்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குச் செல்வி எங்கள் கேட்டைத் தட்டினாள். கட்டைச் சட்டத்தில் சுற்றிய தூண்டில், ஒவ்வொரு முள்ளின் கூரிலும் தக்கை செருகியிருந்தது. விரல் படாமல் எப்படிப் பிரிப்பது என்று காட்டினாள். பிறகு கம்பி முடியும் இடத்தைப் பிடித்துக் காட்டினாள்.

"இங்க பாருக்கா. தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் விரல் வைத்து உருட்டிக் காட்டியபிறகுதான் தெரிந்தது. தடித்த நூலுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வேறு நூல். நிறம் ஒன்றுதான், பருமன் பாதி.

"சின்ன மீனு மாட்னா தாங்கும். பெருசா ஒண்ணு வந்து இஸ்துச்சுன்னா இது மொதல்ல போவும். முள்ளு போவும், மீனு போவும். மனுசன் வூட்டுக்கு வந்துருவான்."

முருகனா இப்படிக் கட்டினார் என்று கேட்டேன். அவள் தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுரு கெட்டி நூலுதான் போட்டாரு. நான் அவுத்துட்டு இத்த வெச்சேன். அவுரு தூண்டிலும் இப்டித்தான் கீது, நாலு வருசமா. அறுந்துச்சுன்னா நூல் வித்த கடைக்காரன திட்டிக்கினே வருவாரு. திட்டட்டும். எங்கண்ணனுக்கு ஒரு கைல மூணு வெரல் கெடையாதுக்கா. அவனும் கெட்டி நூல்தான் போட்டுனு போனான்."

பிறகு இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு முழம் தடித்த நூலை எடுத்து நீட்டினாள். வேண்டாமென்றால் சொல், இரண்டு நிமிடத்தில் பழையபடி கட்டித் தருகிறேன் என்றாள். உள்ளேயிருந்து அம்மா என்ன மீன் என்று குரல் கொடுத்தார். பாப்பா என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்ன புடவை, எந்தப் பால் பவுடர், எந்த டாக்டர் என்று எதற்கும் ஒரு வாரம் எடுத்துக்கொள்கிற நான், அன்று ஒரு நொடி கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"இருக்கட்டும் செல்வி," என்றேன்.

முட்களைத் துணியில் சுருட்டிப் பெரிய பெட்டியில் அடியில் வைத்தேன். மேலே அம்மா கொடுத்த வடகம், பாப்பாவுக்குச் சத்துமாவு. விமான நிலையத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஐந்து விதமான பதில்கள் தயாராக வைத்திருந்தேன்.

சாம் தூண்டிலைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டும். பாப்பாவைத் தூக்கி முத்தம் கொடுத்தார், பிறகு சட்டத்தை மடியில் வைத்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். கம்பி முடியும் இடத்தில் அவர் விரல் வந்தபோது நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வி சொன்னபடி அன்று பிடித்த சூரை வாங்கிப் பாதியாக வெட்டிக் கொண்டுபோனார்கள். மதியம் திரும்பி வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. பத்து விரலும் இருந்தன. பெரியது ஒன்று மாட்டியது என்றார். படகில் கட்டி வைத்த நூல் அதன் முனையையே திருப்பியதாம். படகோட்டி கத்தியைத் தேடுவதற்குள் அறுந்துவிட்டதாம். கூட வந்தவர்களில் ஒருவர் அறுந்ததே நல்லது என்றிருக்கிறார். கையில் தையல் போட்டுக்கொண்டவர், ஊரில் உன் மனைவியை ஏமாற்றிவிட்டார்கள் என்றிருக்கிறார்.

சாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அந்த அண்ணன் கட்டினது அறுந்திருக்காது. நான்தான் எங்கயோ படகு விளிம்புல உரச விட்டுட்டேன்," என்கிறார். இரண்டு வாரமாக வேலையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் நூலை வைத்துக்கொண்டு உட்காருகிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அவருக்குச் சப்பாத்தி பரிமாறுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முருகனுக்கு ஒரு குரல் செய்தி பேசி, செல்விக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அண்ணா, தப்பு என்னுடையதுதான், உங்கள் கட்டில் குறையில்லை, கம்பிக்கு மேலே எந்த நூல் போட்டீர்கள், அதைவிடத் தடித்ததாக இன்னொன்று கட்டித் தாருங்கள், அடுத்த மாதம் ஒரு நண்பர் சேலையூர் வருகிறார், வாங்கிக்கொள்வார். நன்றியோடு பேசியிருக்கிறார். பாதியில் பாப்பாவின் குரலும் கேட்கிறது.

நான் அதை அனுப்பவில்லை. செல்வியை மட்டும் கூப்பிட்டுப் பேசினேன். அவள் முதலில் கேட்டது, "மனுசன் வூட்டுக்கு வந்துட்டாரு இல்ல?" பிறகு, உன் வீட்டுக்காரரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், என் வீட்டுக்காரர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றாள்.

அதுதான் என் சிக்கல். சாமிடம் உண்மையைச் சொன்னால் கோபப்பட மாட்டார்; ஆனால் அவர் வாயில் எதுவும் நிற்காது. எப்படியாவது எண்ணை வாங்கி முருகனைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அன்றிலிருந்து முருகன் தன் தூண்டிலைத் தானே கட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் சாம் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருப்பார். வேறு எங்காவது தடித்த நூலை வாங்கிவிடுவார். அதை ரகசியமாக அவிழ்த்து நடுவில் மெல்லிய நூல் வைத்துக் கட்ட எனக்கு முடிச்சுப் போடத் தெரியாது.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். சாம் நான் எழுதுவது எதையும் படிப்பதில்லை. கணவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். நண்பர் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. செய்தி போய்விட்டதா என்று சாம் தினமும் கேட்கிறார்.